நீ அழிக்கச் சொன்ன மெசேஜ்

ஜெபா,

நேற்று நீ அனுப்பிய கட்டை விரல் வந்து சேர்ந்தது. முந்தாநாளும் அதுதான் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டால் ஒரு கட்டை விரல், காய்ச்சல் விட்டதா என்று கேட்டால் ஒரு கட்டை விரல். உன் நைனாவை அடக்கம் செய்துவிட்டு நீ விமானம் ஏறிப் போன பிறகு உன்னிடமிருந்து எனக்கு வந்த முழு வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். “அந்த மெசேஜ அழிச்சிடும்மா” என்று கேட்டிருந்தாய். நான் அதற்குப் பதில் எழுதவில்லை. பதில் நீளமாக வரும் என்று தெரிந்ததால், சமையல் முடிந்து ஓய்ந்த நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதிக்கொண்டு வருகிறேன். நம் சபையின் பெண்கள் குரூப்பிலும் இதைப் போடப் போகிறேன், கோபப்படாதே. கும்மிடிப்பூண்டியில் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய் நான் ஒருத்தி மட்டும் அல்ல.

என் குரல் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில், பேக்கிங் பிரிவில், அத்தனை மெஷின் சத்தத்துக்கு நடுவே நான் கூப்பிட்டால் கடைசி மேஜையில் இருக்கிறவள் திரும்பிப் பார்ப்பாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும் நீ, நான் வாசலில் நின்று “ஜெபா, ஊட்டுக்கு வர்றியா இல்லியா” என்று ஒரு குரல் கொடுத்தால் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையில் பைபிள் பாடம் வாசிக்க என்னைத்தான் நிறுத்துவார்கள். மைக் தேவைப்படாது. உன் நைனா மட்டும், “கொஞ்சம் மெதுவா வாசிமே, ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கீது” என்று கேலி செய்வார்.

அந்தக் குரல் முதலில் கரகரத்தது. கம்பெனித் தூசி என்று நினைத்தோம். பிறகு கட்டி என்றார்கள், பிறகு குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். சென்னையில் டாக்டர் விவரம் சொன்னபோது நீயும் அறையில் இருந்தாய். இனி இவர்களால் பேச முடியாது, கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதன் வழியாகத்தான் மூச்சு என்று அவர் சொன்னார். உன் நைனா, “அவ கம்முனு இருந்தாலும் பரவால்ல சார். இருக்கட்டும்” என்றார். நான் சிரித்தேன். என் சத்தத்தோடு நான் சிரித்த கடைசிச் சிரிப்புகளில் அது ஒன்று.

நீ இங்கே இருந்தவரை எனக்குக் குரல் இல்லாதது பெரிய குறையாகத் தெரியவில்லை. கண்ணைக் காட்டினால் உனக்குப் புரியும், கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினால் நைனாவுக்குப் புரியும். வெல்டர் வேலை கிடைத்து நீ போன பிறகுதான் எனக்கு எழுத்தைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. நீ இருக்கும் நாட்டில் இன்டர்நெட் வழியாகப் பேசவோ முகம் பார்க்கவோ முடியாது. எழுதலாம், படம் அனுப்பலாம், குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். இங்கிருந்து அங்கே போன் போட நம் போனில் வசதி கிடையாது. நீதான் கூப்பிடுவாய். நைனா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். நீ போனை வைத்த பிறகு, சொல்ல நினைத்ததை எல்லாம் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி அனுப்புவேன்.

நான் எழுதிய முதல் மெசேஜ் உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. “அன்புள்ள ஜெபா, சாப்பிட்டாயா? அங்கே வெயில் அதிகமாக இருக்கிறதா? தலையில் துணி கட்டிக்கொள்.” மறுநாள் நீ நைனாவிடம் சொன்னாய்: “நைனா, அம்மா எழுதறது அம்மா மாதிரியே இல்ல. சர்ச்சுல பாடம் வாசிக்கிற மாதிரி கீது. மெய்யாலுமே அம்மாதான் எழுதறாங்களா, இல்ல நீ யாரையாவது வச்சி எழுதறியா?” நைனா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், காற்றாக. ஆனால் அது எனக்கு உள்ளே தைத்துவிட்டது. பேசினால் இன்னா என்பேன், எழுதினால் என்ன என்றுதான் கை போகிறது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பிரம்பை வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்த எழுத்து அப்படி. உனக்காக நான் பேசுகிற மாதிரியே எழுதிப் பார்த்தேன். “இன்னா பண்ற” என்று எழுதிவிட்டு வெட்கமாகி அழித்துவிட்டேன். எனக்கு மிச்சமிருந்த ஒரே வாய் அதுதான், அதையும் நீ உன் அம்மாவுடையது இல்லை என்கிறாயே என்றிருந்தது. உன்மேல் குற்றம் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் நீ கேட்டு வளர்ந்தது வேறொருத்தியை.

அந்த நாட்களில்தான் பிரியா வந்தாள். பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் வாழ்க்கைப்பட்ட பெண், உன்னைவிடச் சின்னவள். பெண்கள் குரூப்பில் யாரோ சேர்த்துவிட்டிருந்தார்கள். மாமியார் வீட்டில் மனசு விட்டுப் பேச ஆளில்லை போலிருக்கிறது, எனக்குத் தனியாக எழுத ஆரம்பித்தாள். நானும் எழுதினேன். மாதக்கணக்கில் எழுதிய பிறகு ஒருநாள் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு நேரில் வந்துவிட்டாள். என்னை ஏதோ ரிட்டயர்டு டீச்சர் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். என் கழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். எனக்குப் பேச்சு இல்லை என்று நான் அவளுக்கு எழுதியதே இல்லை, கேள். அவளிடம் மட்டும் நான் குறையில்லாத ஒருத்தியாக இருந்தேன், அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவள் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நீங்க எழுதறப்ப எனுக்கு உங்க கொரல் கேக்கும். நான் இன்னிக்குதான் அந்தக் கொரல நேர்ல கேக்கலாம்னு வந்தேன்” என்று அழுதாள். அவள் காதில் கேட்ட குரல் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிறகு அந்தத் திருடன் வந்தான். சபையில் தெரிந்த ஒரு அம்மாவின் பேரில் எனக்கு மெசேஜ் வந்தது. தவறுதலாக உங்கள் போனுக்கு ஒரு எண் வந்திருக்கும், அனுப்பிவிடுங்கள் என்று. அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் என் கணக்கு எனக்கே திறக்கவில்லை. அவன் என் பேருக்குள், என் போட்டோவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நாம் எழுதியதை எல்லாம் படித்துவிட்டு, எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் எழுத ஆரம்பித்தான். உனக்கும் எழுதினான். நைனாவுக்கு ஆக்சிடென்ட், உடனே பணம் அனுப்பு என்று. ஆஸ்பத்திரியில் தலை முழுக்கக் கட்டுப் போட்ட யாரோ ஒருவர் படமும் அனுப்பினான். நைனா டூட்டியில் போன் எடுக்க மாட்டார் என்பதால் அவரைக் கேட்கவும் உனக்கு வழியில்லை. அனுப்பிவிட்டாய்.

அதே மெசேஜ் பிரியாவுக்கும் போனது. அவள் திருப்பி எழுதினாளாம்: “நீங்க யாரு? எங்க அக்கா இப்படி எழுத மாட்டாங்க.” எழுதிவிட்டு பஸ் ஏறி நேராக நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். நைனாவுக்கு ஆச்சரியம். “எப்டிம்மா கண்டுபுடிச்ச?” என்றார். “அக்கா எழுதினா மொத வரியில சாப்டியான்னு கேப்பாங்கப்பா. இதுல கேக்கல. அக்கா உடனேன்னு எழுதவே மாட்டாங்க. உன்னால் முடிந்தபோதுன்னுதான் எழுதுவாங்க” என்றாள். அவள்தான் செல்போன் கடைக்கு என்னை அழைத்துப் போய்க் கணக்கை மீட்டுக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டபோது உன் குரல் உடைந்திருந்தது. “காசு போனா போட்டும் நைனா. அது இல்ல எனுக்குப் பேஜாரு. அம்மான்னு நெனச்சி அவனாண்ட நான் அழுதுக்கினே எழுதினேன். பயப்படாதம்மா, நான் கீறேன்னு எழுதினேன். அதெல்லாம் எவனோ படிச்சிருக்கான்” என்றாய். நைனா உன்னைத் தேற்றினார். “உட்றா. இனிமே எவன் எழுதினாலும், உங்கம்மா பேர்லயே வந்தாலும், கண்ண மூடிக்கினு நம்பாத. நல்லா கேளு, சண்ட போடு, அப்பறம் நம்பு” என்றார். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பிறகு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்து நினைத்துக்கொள், ஜெபா. நீ செய்தது நைனா செய்யச் சொன்னது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் நைனா டூட்டிக்கு யூனிபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. “நெஞ்சுல யாரோ குந்திக்கினு கீற மாதிரி கீதுமே” என்றார். நான் தெருவுக்கு ஓடினேன். வாயைத் திறந்தேன், கழுத்துத் துளையிலிருந்து காற்றுதான் வந்தது. எதிர் வீட்டுக் குமாரியின் கதவைத் தட்டினேன், அவள் ஷிப்டுக்குப் போயிருந்தாள். குழாயடியில் இருந்த எவர்சில்வர் குடத்தை எடுத்துத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தேன். நாலு வீடு தள்ளி ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். அவர்தான் நைனாவைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார். நைனாவின் போன் வீட்டிலேயே கிடந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் போட்டு ஊசி போட்டார்கள். நிலைமை கொஞ்சம் தெளிந்தால் சென்னைக்கு அனுப்பலாம், மகனுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். உனக்கு எழுதினேன். என்ன எழுதினேன் என்று பிறகு எடுத்துப் பார்த்தேன். “நைனா ஆஸ்பத்திரியில். உடனே புறப்படு.” சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. பிரியா சொன்னாளே, அக்கா எழுதவே மாட்டாங்க என்று, அந்த வார்த்தையைத்தான் எழுதியிருந்தேன். பயத்தில் என் எழுத்தும் அந்தத் திருடன் எழுத்தும் ஒன்றாகிவிட்டன.

நீ “யாரு நீ?” என்று கேட்டாய். அம்மா என்று எழுதினேன். சின்ன வயதில் உனக்கு என்ன செல்லப் பேர் என்று கேட்டாய். எழுதினேன். “அதான் மேல பழைய மெசேஜ்ல கீதே. போன தபாவும் எல்லாத்தயும் படிச்சிட்டுதான எழுதின?” என்றாய். நைனாவைப் படம் எடுத்து அனுப்பினேன். மாஸ்க்கில் முகம் தெரியவில்லை, யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த வார்டு நர்ஸ், பெரியபாளையத்துப் பெண், என் தவிப்பைப் பார்த்துவிட்டு என் போனிலேயே அவள் குரலைப் பதிவு செய்து அனுப்பினாள்: “சார், உங்க அப்பா இங்க அட்மிட் ஆகியிருக்காரு, சீக்கிரம் வாங்க.” முன்பின் தெரியாத ஒரு பெண் குரல். திருடனுக்குக் கூட்டாளியும் இருக்கிறாள் என்று நினைத்திருப்பாய். அதற்குப் பிறகு வந்ததுதான் இப்போது நீ அழிக்கச் சொல்லும் மெசேஜ். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டாய். நைனாவைக் கொண்டே ரெண்டு வார்த்தை பேச வைத்து அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றியபோது, நான் அனுப்பிய எதற்கும் இரண்டாவது டிக் விழவில்லை.

பிரியாவுக்கு எழுதினேன். மதியம் வந்துவிட்டாள். அதற்குள் நைனா பேசும் நிலையில் இல்லை. உன் நம்பரை அவளுக்குக் கொடுக்கலாம், ஆனால் அவளை உனக்குத் தெரியாது, இன்னொரு திருடி என்பாய். குமாரியின் குரல் உனக்குத் தெரியும் என்று எழுதிக் காட்டினேன். பிரியா குமாரியின் கம்பெனி கேட்டுக்குப் போய், செக்யூரிட்டியிடம் மன்றாடி, போன் கொண்டுபோகக் கூடாத அந்த இடத்திலிருந்து அவளை வெளியே கூப்பிட்டு வந்தாள். குமாரி குரல் பதிவு செய்து உனக்கு அனுப்பியபோது மாலையாகிவிட்டது. “டேய் ஜெபா, குமாரி அத்த பேசறேன்டா. மெய்யாலுமேதான்டா. கெளம்புடா” என்று அவள் அழுதது என் காதில் இன்னும் இருக்கிறது. உனக்கு டிக்கெட் கிடைத்தது மறுநாளைக்கு. விடியற்காலையில் நைனா போய்விட்டார்.

நீ வந்து இறங்கியபோது ஐஸ் பெட்டியைச் சுற்றி உறவுக்காரர்கள் நின்றிருந்தார்கள். யாரோ, “பெத்த அம்மா எழுதியும் நம்பலயாமே” என்றார்கள். நீ என் பக்கம் திரும்பிக் கத்தினாய். “நீதான்னு எனுக்கு எப்டிம்மா தெரியும்? எல்லாம் எழுத்துதான? எவன் எழுதினாலும் ஒரே மாதிரிதான கீது? ஒரு சத்தம்... ஒரே ஒரு சத்தம் வந்திருந்தா நான் வந்திருப்பனே!” நான் போனில் பதில் எழுதி உன் முகத்துக்கு நேரே நீட்டினேன். நீ பார்க்காமல் திரும்பிக்கொண்டாய். நான் எழுதியிருந்தது, “உன்மேல் தப்பில்லை, வா, நைனாவைப் பார்” என்பதுதான். அடக்கம் முடிந்து நீ இருந்த நாட்களிலும் நாம் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பரிமாறிக்கொள்ளவில்லை. நான் போனை எடுத்தால் நீ எழுந்து வெளியே போனாய்.

எல்லாம் முடிந்து நைனாவின் போனை சார்ஜில் போட்டபோது அதில் உன் மிஸ்டு கால்கள் இருந்தன. அன்று காலையில் வந்தவை. என்னைத் திட்டி எழுதிய கையோடு, ஒருவேளை நிஜமாக இருக்குமோ என்று நீ நைனாவைக் கூப்பிட்டிருக்கிறாய். அவர் டூட்டியில் இருப்பார் என்று உன்னையே சமாதானம் செய்துகொண்டிருப்பாய். இதை நீ யாரிடமும் சொல்லவில்லை. அத்தனை பேர் பேசியபோதும் சொல்லவில்லை.

இனி அந்த மெசேஜுக்கு வருகிறேன். இதை நான் உன்னைத் தேற்றுவதற்காகக் கட்டி எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றலாம். எழுத்தில் எதையும் கட்டிவிடலாம் என்று நீ பட்டுத் தெரிந்துகொண்டவன். தொடர்ந்து சந்தேகப்படு, அது நல்லதுதான். ஆனால் மனிதர்களின் எழுத்தை, அவர்கள் முகத்தைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்த்துப் பழகு. பிரியா அப்படித்தான் என் எழுத்தைப் பழகிக்கொண்டாள். கட்டை விரலில் யார் முகமும் இல்லை, ஜெபா. அதை எவன் வேண்டுமானாலும் உன் பேரில் அனுப்பலாம்.

நீ திட்டி எழுதியது வந்தபோது நான் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். நைனா பார்த்துவிட்டார். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, “இன்னாமே, பையன் இன்னா எழுதிக்கீறான்?” என்றார். நான் தலையை ஆட்டினேன், ஒன்றுமில்லை என்று. “சிஸ்டர், இவளால படிச்சிக் காட்ட முடியாது. எனுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. நீ வாங்கிப் படிம்மா” என்றார். நீ எப்போதும்போலத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்ததை அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் படித்தாள்.

“டேய் திருட்டு நாயே, இன்னொரு தபா எங்கம்மா பேர்ல எழுதின, உன் கைய ஒடிச்சிடுவேன். அவங்களால பேச முடியாதுன்னு தெரிஞ்சிக்கினுதான இப்டி வெளயாடற? எங்கம்மா ஒரு வரி எழுத எவ்ளோ நேரமாகும் தெரியுமாடா உனுக்கு? நான் தூங்காம காத்துக்கினு கெடந்து அதப் படிக்கிறேன்டா. அவங்களுக்குன்னு கீறது அது ஒண்ணுதான். அதப் போய்த் திருடறியே, நீயெல்லாம் ஒரு தாய் வயித்துல பொறந்தியாடா?”

நடுவில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. நர்ஸ் அதை முழுங்கினாள். “அதயும் படிம்மா, பையன் எழுதினதுதான” என்றார் நைனா. அவள் படித்ததும் அவர் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். நைனா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். “இன்னாத்துக்குமே அழுவற? வரமாட்டான்னா? அவன் உனுக்காக உன்னாண்டயே சண்ட போட்டுக்கினு கீறான், புரிலியா உனுக்கு?” என்றார். சொல்லிவிட்டு மாஸ்க்கை அவரே இழுத்து மாட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு கண்ணை மூடினார்.

நான் வீட்டில் தனியாக இருக்கும்போது அந்த மெசேஜை எடுத்துப் படிக்கிறேன். நான் எழுதுவதற்காக நீ தூங்காமல் காத்திருந்தாய் என்று என்னிடம் நீ ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு திருடனிடம்தான் சொன்னாய். அதை அழிக்க மாட்டேன்.

சாப்பிட்டுவிட்டுப் பதில் எழுது. எவ்வளவு நேரமானாலும் சரி, விழித்திருப்பேன்.

உன் அம்மா